மயில்துத்தம்: மழை பட்டால் கரையும் கல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) புதிதல்ல. உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆனால் இதே நீலக் கல், கனிமமாக மண்ணில் கிடைப்பது அரிது. கனிமவியலில் இதன் பெயர் கால்காந்தைட். கிரேக்க மொழியில் 'செம்புப் பூ' என்று பொருள்.

செம்புத் தாதுவில் உள்ள கந்தகம் காற்றும் ஈரமும் பட்டுச் சல்பேட்டாக மாறும்போது இது உருவாகிறது. சுரங்கச் சுவரில் நீலப் பொருக்காகப் படியும், கூரையில் விழுதுபோலத் தொங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 300 கிராமுக்கு மேல் கரையும் கல் மழைக்குத் தாங்குமா? அதனால்தான் சிலியின் அட்டகாமா போன்ற பாலை நிலங்களிலும் சுரங்கத்து உள்ளிடங்களிலும் மட்டும் தங்குகிறது. ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் பாறைமேல் இதைத் தேடிப் பயனில்லை. கனிமம் சேகரிப்போருக்கு ஒரு வார்த்தை: பெரிய, பளபளக்கும் படிகமாக விற்கப்படுவதில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்த்தவை.

இந்தக் கல்லின் எடையில் நூற்றுக்கு 36 பங்கு தண்ணீர், 25 பங்கு செம்பு. நீல நிறமே அந்தத் தண்ணீரால் வருவதுதான். சூடாக்கினால் தண்ணீர் படிப்படியாக வெளியேறி, 200 டிகிரி வாக்கில் வெள்ளைப் பொடியாகிவிடும். அந்த வெள்ளைப் பொடி 640 கிராமும் நீலக் கல் ஒரு கிலோவும் செம்பு அளவில் சமம். கோடையில் திறந்து கிடந்த பொட்டலத்தில் மேலே வெளுத்திருந்தால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டாம். நீர்தான் கொஞ்சம் போயிருக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

அறுவடை முடிந்து பெங்களூரா ரக மாமரத்தில் காய்ந்த கிளைகளை வெட்டியதும், பூஞ்சை நோயைத் தடுக்கும் போர்டோ கலவை தேவைப்படும். ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்க விடுங்கள். கரைசல் கனமாகி அடியில் இறங்க இறங்க, புதுத் தண்ணீர் கல்லைத் தொடும். அடியில் போட்டால் அப்படியே கிடக்கும். சுண்ணாம்பைத் தனியாகத் தண்ணீர் விட்டு நீற்றி, மீதி 50 லிட்டரில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் கட்டி தட்டி, தெளிப்பான் நாசில் அடைக்கும். வெட்டுவாயில் பூசும் பசைக்கு அதே ஒரு கிலோ, ஒரு கிலோ. தண்ணீர் மட்டும் 10 லிட்டர்.

தவறு நடப்பது பெரும்பாலும் சுண்ணாம்பில். நாள்பட வெளியில் கிடந்து பூத்துப்போன சுண்ணாம்புக்கு வீரியம் இல்லை. அதை எடை போட்டுச் சேர்த்தாலும் துத்தம் மிஞ்சி இலை கருகும். சோதிக்க, துரு ஏறாத சாதாரண இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். அலகில் செம்பழுப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பழைய செம்புச் சுரங்கங்களில் நீலத் தண்ணீருக்குள் இரும்புத் துண்டுகளைப் போட்டுச் செம்பை எடுத்தார்களே, அதே வேதியியல்தான் இந்தக் கத்தியிலும் நடக்கிறது. இரும்பு வாளியும் தகர டிரம்மும் வேண்டாம் என்பதும் இதனாலேயே: வாளியும் ஓட்டையாகும், கலவையில் செம்பும் குறையும். கலக்கிய அன்றே அடித்து முடித்துவிடுங்கள்.

இனி ஆபத்து. குழந்தைக்கு இது நீலக் கற்கண்டாகத் தெரியும். வாய்ப்புண்ணுக்கு என்று வீட்டிலேயே துத்தத்தைப் பொரித்துப் போடும் பழக்கமும் இருக்கிறது, செய்யாதீர்கள். விழுங்கினால் நீலப்பச்சையாக வாந்தி வரும், இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். 108ஐ அழைத்து, பொட்டலத்தையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பலரும் கவனிக்காதது செம்மறி. வெள்ளாடு, மாட்டைவிடச் செம்மறிக்குச் செம்பு சீக்கிரம் நஞ்சாகும். கல்லீரலில் வெளியே தெரியாமல் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும், மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். அப்போது காப்பாற்றுவது கடினம். மேச்சேரி இனச் செம்மறிகளை மாந்தோப்பில் மேய விடுபவர்கள், மருந்து அடித்த மரத்தடிப் புல்லில் அவற்றை விடாதீர்கள். டிரம் கழுவிய தண்ணீரை ஏரியிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். மிகக் குறைந்த அளவுச் செம்பே மீனைக் கொன்றுவிடும்.