அப்பா சொத்தில் மகள் பங்கு: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரு பேப்பர் வரும். "பட்டா மாத்தணும், தாலுகா ஆபீஸ்ல கேக்குறாங்க, ஒரு கையெழுத்துப் போடு தங்கச்சி" என்பார் அண்ணன். படித்துப் பார்த்தால் அது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகவோ, உங்கள் சார்பில் அவரே செயல்பட வழிசெய்யும் பொது அதிகாரப் பத்திரமாகவோ இருக்கும். பட்டா மாற்றுவதற்கு மகள் எந்தப் பத்திரமும் எழுதித் தர வேண்டியதில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்தாலே எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட பெண்கள்தான் பத்து வருடம் கழித்து நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.

சட்டம் சுருக்கமாக. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாடு அதை 25.3.1989 முதல் சட்டமாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களை விட்டுவிட்டது. 9.9.2005-இல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் திருமண நிபந்தனையே கிடையாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் போலவே மகளும் பிறப்பால் பங்குதாரர். அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 11.8.2020 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: வேண்டியதில்லை. ஆகவே "உனக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு, பங்கு கிடையாது" என்று யாராவது சொன்னால், அவர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு" என்பதும் சட்டத்தின் முன் பதில் ஆகாது. (இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.)

பங்கு எவ்வளவு? அம்மா, ஒரு மகன், ஒரு மகள் இருக்க, அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், நிலம் 9 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சம்பாதித்து வாங்கியது என்றால் மூவருக்கும் தலா 3 ஏக்கர். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் முதலில் அப்பா, மகன், மகள் மூவருக்கும் தலா 3 ஏக்கர். பிறகு அப்பாவின் 3 ஏக்கர் அம்மா, மகன், மகள் மூவருக்கும் ஒவ்வொரு ஏக்கராகப் பிரியும். மகளுக்கு 4, மகனுக்கு 4, அம்மாவுக்கு 1. அம்மாவின் பங்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அம்மாவே மறந்துவிடுகிறார்.

முதல் பொறி "பூர்வீகம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஊர்ப் பேச்சில் தாத்தா காலத்து நிலமெல்லாம் பூர்வீகம்தான். சட்டத்தில் அப்படி இல்லை. தாத்தா சொந்தமாக வாங்கி, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அப்பாவுக்கு வந்த நிலம் அப்பாவின் தனிச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் மகனும் பங்கு கேட்க முடியாது, மகளும் கேட்க முடியாது. அவர் அதை மகனுக்கே உயில் எழுதினாலும், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது) செய்தாலும் செல்லும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மட்டும் அவர் உயில் அவருடைய பங்கைத் தாண்டிச் செல்லாது. எனவே வழக்குக்குப் போகும் முன் மூலப் பத்திரத்தைப் பாருங்கள்: யார் பெயரில், எந்த ஆண்டு, கிரயமா, பாகப்பிரிவினையா என்று. இதைப் பார்க்காமல் போட்ட வழக்குகள் வருடக்கணக்கில் நடந்து தோற்றிருக்கின்றன.

இரண்டாவது பொறி வாரிசுச் சான்றிதழ். விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் அண்ணன் அல்லது தம்பி. குடும்ப அட்டையின் நகலை வைப்பார். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் அதில் நீக்கப்பட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலர் அட்டையைப் பார்த்து அறிக்கை எழுதினால் மகளே இல்லாத குடும்பமாகிவிடும். அதனால் அப்பா இறந்தவுடன் நீங்களே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், அம்மா பெயரையும் எல்லா உடன்பிறந்தவர்கள் பெயரையும் சேர்த்து. மகள் என்று காட்ட, அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெயர் நீக்கும் முன்பிருந்த பழைய குடும்ப அட்டை உதவும். டி.சி.யில் "முத்துசாமி", இறப்புச் சான்றில் "முத்துச்சாமி கவுண்டர்" என்று இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் மூன்று தடவை நடக்க வேண்டும். உங்களை விட்டுவிட்டு ஏற்கெனவே சான்று வாங்கிவிட்டார்களா? அந்தச் சான்றின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் எழுத்தில் மேல்முறையீடு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். "அண்ணனைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது என்றதும் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது உங்கள் உரிமையைப் பறிக்காது. உண்மையில் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்னும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உயில் எழுதப்பட்டிருந்தால் பதிவானதே என்றாலும் வில்லங்கத்தில் வராது.

விடுதலைப் பத்திரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் "எனக்குச் சேர வேண்டிய பங்குக்கு ஈடாக ரொக்கம் பெற்றுக்கொண்டு, என் சர்வ பாத்தியங்களையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி இருக்கும். பைசா வாங்காமலே அதில் கைரேகை வைத்தவர்கள் ஏராளம். சார்பதிவாளர் "சம்மதத்தோடதான் எழுதிக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் நீங்கள் மறுக்கக்கூடிய கடைசி இடம். பத்திரத்தை முந்தின நாளே கேட்டு வாங்கி, சர்வே எண்களைப் படியுங்கள். ஒரு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு எல்லா நிலத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தொகை பேசியிருந்தால் பதிவுக்கு முன் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும், பத்திரத்திலும் அதே தொகை இருக்க வேண்டும். ஏமாற்றி வாங்கியதை ரத்து செய்ய, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். பதிவே செய்யாத 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதால் உங்கள் பங்கு போய்விடாது. அதைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

"எங்களுக்குள்ள அப்பவே வாய்ப்பேச்சா பாகம் பிரிச்சாச்சு" என்பதும் அடிக்கடி வரும் பதில். 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. வாய்ப்பேச்சுப் பாகத்தை, அரசு ஆவணங்கள் தெளிவாக அதைக் காட்டும் அரிதான நிலையில்தான் நீதிமன்றம் ஏற்கும். குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்கக் கூடாது என்ற பழைய பிரிவையும் 2005-லேயே நீக்கிவிட்டார்கள்.

வழக்கு என்றால் வக்கீல் கட்டணத்தை நினைத்துத்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். வருமானச் சான்று கேட்டு அலையவிட்டால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண் என்பதே தகுதி என்று சொல்லுங்கள். வழக்குக்கு முன்பே அண்ணனை அழைத்துப் பேசவும் அவர்களால் முடியும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் எழுதினால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் பலம் உண்டு.

வழக்கு மனுவில் எல்லாச் சொத்தும், எல்லா வாரிசுகளும் வர வேண்டும். தூரத்தில் இருக்கும் ஒரு அக்காவையோ ஒரு துண்டு நிலத்தையோ விட்டுவிட்டால் அதைச் சொல்லியே தள்ளுபடி கேட்பார்கள். "நான் அனுபவத்தில் இல்லை, என்னை வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் பங்கின் மதிப்பில் சதவீத நீதிமன்றக் கட்டணம். கூட்டு அனுபவத்தில் இருப்பதாக இருந்தால் சிறிய நிலையான கட்டணம். எது உண்மையோ அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். பங்கு இல்லை என்று விலக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கோடு விற்பனைக்கு இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

தீர்ப்பு வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வந்திருப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை; அது பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. அதற்குப் பிறகு இறுதித் தீர்ப்பாணையும் வாங்க வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் ஆணையர் சர்வேயரோடு வந்து அளப்பார். அன்று நீங்கள் நிலத்தில் நேரில் நில்லுங்கள். கிணறும் பாதையும் யார் பக்கம் போகிறது என்பது அன்றைக்குத்தான் முடிவாகிறது. இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் வாங்கிப் பதிவு செய்து, உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பித்து, உங்கள் பெயரில் தனி எண் விழுந்த சிட்டாவைக் கையில் வாங்கும்வரை விடாதீர்கள்.