ஷாமன் சுடுமண் பாவை: சொல் விளக்கம்

மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியில் கிடைத்த சுடுமண் உருவங்கள் சிலவற்றை அருங்காட்சியகங்கள் 'ஷாமன்' என்று குறிக்கின்றன. தமிழில் எழுதும்போது இதை 'மந்திரவாதி' என்று மாற்றிவிடும் வழக்கம் உண்டு. அது பொருந்தாது. மந்திரவாதி என்றதும் ஏவலும் பில்லிசூனியமும்தான் நம் நினைவுக்கு வரும். ஷாமனோ நோய் தீர்ப்பவர், இறந்தவரை வழியனுப்புபவர், தம் குடிக்காக ஆவிகளோடு பேசுபவர்.

இச்சொல் சைபீரியாவின் எவெங்கி மக்களுடையது. 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. எவெங்கி மொழி சேர்ந்த துங்கூசிய மொழிக்குடும்பத்தில் 'அறிதல்' என்னும் பொருள்கொண்ட வேரிலிருந்து பிறந்தது என்பது ஒரு கருத்து. வடமொழி 'சிரமண', பாலி 'சமண' ஆகியவை மத்திய ஆசியா வழியே அங்கு சென்று சேர்ந்தன என்பது இன்னொரு கருத்து. இரண்டாவது கருத்து உண்மையானால் நம் 'சமணர்' என்ற சொல்லும் ஷாமனும் ஒரே வேரில் கிளைத்தவை. வழக்கு இன்னும் முடியவில்லை.

இனி, அந்தப் பாவைகளைப் பார்ப்போம். சுமார் கி.மு. 300 முதல் கி.பி. 400 வரை கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் கிணறுபோல் செங்குத்தாகக் குழி தோண்டி, அடியில் அறை குடைந்து இறந்தோரைக் கிடத்தினார்கள். பக்கத்தில் உள்ளீடற்ற சுடுமண் உருவங்களை வைத்தார்கள். கொலிமாப் பாவை ஒன்றை அருகில் பார்த்தால், மெருகேற்றிய செம்பழுப்பு மேனியில் நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்ததன் கரும்புள்ளிகள் தெரியும். நெற்றியில் ஒற்றைக் கொம்பு; அதைத் தலையோடு பிணைக்கும் வார்ப்பட்டை; கையில் தடி அல்லது ஆயுதம்; அடிக்கத் தயாராக நிற்கும் உடல்.

இந்த நிலையைக் கண்டுதான் மானிடவியலாளர் பீட்டர் ஃபர்ஸ்ட் 1960களில் இவற்றை ஷாமன்கள் என்றார். கொம்பு ஆற்றலின் அடையாளம். இடப்பக்கம் திரும்பி நிற்பது கல்லறையை நெருங்கும் தீய ஆவிகளோடு போரிட என்பது அவர் விளக்கம். மேற்கு மெக்சிகோ மலைகளில் இன்றும் வாழும் உய்ச்சோல் பழங்குடி மக்களின் சடங்குகளை அவர் துணைக்கு அழைத்தார். அம்மக்கள் தம் சடங்குத் தலைவரை 'மராகாமே' என்கிறார்கள். மறுத்தவர்களும் உண்டு. கொம்பு சங்கின் வடிவம், அது ஆள்பவரின் சின்னம் என்றார்கள். பாவைகளில் பெரும்பாலானவை கல்லறைக் கொள்ளையர் கைவழியே வந்தவை. எந்த உடலருகே எப்படி நின்றன என்ற சான்று அழிந்துபோனது. இந்த இழப்புதான் எனக்குப் பெரும் வருத்தம். ஹலிஸ்கோவின் உய்ட்சிலாபாவில் 1993இல் கொள்ளைபோகாத கல்லறை கிடைத்தபோது ஆய்வாளர்கள் அத்தனை மகிழ்ந்தது இதனால்தான்.

தமிழில் நெருங்கிய சொல் எது? பூசாரி அன்று; அவர் கோயிலுக்குரியவர். 'சாமியாடி' ஓரளவு பொருந்தும். அதைவிட நெருக்கம் சங்க அகப்பாடல்களின் 'வேலன்'. மெலிந்து வாடும் மகளுக்காகத் தாய் அவனை அழைப்பாள். கழங்கு (கழற்சிக்காய்) இட்டுக் குறி பார்ப்பான், முருகு அணங்கியது (முருகன் பிடித்துக்கொண்டான்) என்பான், மறி (ஆட்டுக்குட்டி) அறுத்து வெறியாடுவான், அதாவது தெய்வமேறி ஆடுவான். தொல்காப்பியம் அவனை 'வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்' என்கிறது; துங்கூசிய வேரின் அதே 'அறிதல்'! உறவு ஏதுமில்லை, இரு மக்களும் இவரை அறிந்தவராகக் கண்டார்கள் என்பதே எனக்கு வியப்பு.

ஆனால் வேலன் முருகனுக்கு உரியவன். மெக்சிகோவின் கல்லறைக்கு அவனைக் கொண்டுபோக முடியாது. பெரும்பாலும் வேலன்மேல் தெய்வம் இறங்கும். சைபீரிய ஷாமனின் உயிரோ ஆவியுலகுக்குப் போய் மீளும். எனவே 'ஷாமன்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, முதல் முறை 'ஆவிகளோடு பேசிக் குணப்படுத்தும் சடங்காளர்' என்று விளக்கலாம். கிரந்தம் வேண்டாதவர்கள் 'சாமன்' என்று எழுதட்டும். கொலிமா உருவங்களை மட்டும் 'ஷாமன் எனக் கருதப்படும் சுடுமண் பாவை' என்று எழுதுவதே நேர்மை.