குவாரன்டைன்: ஒரு மாட்டுக்கு இரண்டு தொழுவா?

ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்ததும் 'குவாரன்டைன் செய்யப்பட்டது' என்று திரையின் மூலையில் செய்தி வரும். கோப்பு அழிந்துவிடவில்லை. ஓடவோ திறக்கவோ முடியாதபடி உருமாற்றி, ஹார்டு டிஸ்கிலேயே பூட்டி வைத்திருக்கிறது.

சொல் கப்பல்துறையில் பிறந்தது. 1377-இல் ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 நாளானது. வெனிஸ் பேச்சில் நாற்பது 'குவாரன்டா'. அதிலிருந்து வந்ததே இப்பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்ததும் இதே முறைதான்.

இதற்குத் தமிழில் கொரோனா காலத்தில் 'தனிமைப்படுத்தல்' ஊன்றிவிட்டது. ஆளுக்குச் சரி, கோப்புக்கு ஏது தனிமை? அடுத்தவர் பயிரில் மேய்ந்த மாட்டை அடைக்கும் இடத்துக்குக் 'கொண்டித்தொழு' என்ற பழஞ்சொல் உண்டு. மாட்டைக் கொல்வதில்லை, தண்டம் கட்டினால் அவிழ்த்துப் போகலாம். பொருள் கச்சிதம். அன்றாடப் பேச்சுக்கு 'அடைத்துவைத்தல்' போதும்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் தொழுவும் இரண்டு. பதிவிறக்கிய கோப்பை முதலாவது பிடித்து நகர்த்தும்போதே இரண்டாவதும் அதைத் திறக்கப் பார்க்கும். 'அணுக முடியவில்லை' என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கும். நல்ல கோப்பைத் தவறாகப் பிடித்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம்: ஒன்றில் 'ரீஸ்டோர்' கொடுத்து மீட்ட நொடியே மற்றது பிடித்து அடைக்கும். கோப்பு காணவில்லை என்றால் இரண்டிலும் தேட வேண்டும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால் கோப்பு வடிகட்டிகளின், அதாவது கோப்பைத் திறக்கும்போது இடையில் நின்று பார்க்கும் நிரல்களின், பட்டியல் வரும். அடுக்கில் ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைக் காட்டும் எண் 'ஆல்டிட்யூட்'. ஆன்டிவைரஸ்களுக்கு அது 320000-இல் தொடங்கி 329998 வரை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டருடையது 328010. இந்த வரம்பில் வேறு நிறுவனத்தின் வடிகட்டியும் ஓடினால், பழைய ஆன்டிவைரஸின் மிச்சமாகவும் இருக்கலாம்.

நிகழ்நேரக் காவல் ஒன்றுக்கு மட்டும் போதும். முறையாகப் பதிவாகும் வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபென்டர் தானே ஒதுங்கும். இரண்டாம் கருத்து வேண்டுமா, கேட்டால் மட்டும் ஓடும் ஸ்கேனரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீக்குமுன் அதன் தொழுவைத் திறந்து பாருங்கள். மென்பொருள் போனபின் உருமாறிய கோப்பை மீட்பது கடினம். பிறகு அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, அதே கட்டளையை மறுபடி அடித்துப் பாருங்கள்.