லைம்ஸ்டோன் ஸ்ட்ரீம்: சுண்ணாம்பு ஓடையா, ஊத்தோடையா?

லைம்ஸ்டோன் ஸ்ட்ரீம்ங்கிறத, அதாவது சுண்ணாம்புக்கல் பாறைக்குள்ள இருந்து ஊத்தா வர்ற தண்ணியில ஓடற ஓடைய, நெறைய பேர் அப்படியே "சுண்ணாம்பு ஓடை"ன்னு மாத்தி எழுதிடறாங்க, அதப் படிச்சா கோயமுத்தூர்க்காரனுக்கு என்ன தோணும், மதுக்கரை குவாரி ஓரத்துல வெள்ளையா கலங்கி ஓடற தண்ணிதான் தோணும். ஆனா விசயம் நேர் எதிருங்க, அடியில கெடக்கற கூழாங்கல்ல எண்ணிடலாம், அந்தளவுக்குத் தெளிஞ்ச தண்ணி அது.

மொதல்ல சுண்ணாம்பப் பாப்போம். சுண்ணம்னா பொடி, வடமொழி சூர்ணம், ஹிந்தி சூனா எல்லாம் ஒரே வேர்தான். திருவாசகத்துல திருப்பொற்சுண்ணம்னு பொண்ணுங்க இடிக்கறது வாசனைப்பொடி, சுவத்துக்கு அடிக்கற சுண்ணாம்பு இல்ல. கல்லக் காளவாயில சுட்டு தண்ணி ஊத்தி நீத்தினா பொடிஞ்சு போகுதுல்ல, அதனால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்ல லைம்ங்கிறது வேற வழி, பழைய காலத்துல ஒட்டற பசைக்கு, காரைக்குச் சொன்ன வார்த்தை. ஆக சுண்ணாம்பு வேற, சுண்ணாம்புக்கல் வேற, சுடறதுக்கு முந்தி அது வெறும் கால்சியம் கார்பனேட் பாறை. "சுண்ணாம்பு ஓடை"ன்னு சொல்றப்ப அந்தக் கல்லே காணாமப் போயிருது.

அப்புறம் இந்த ஓடையோட சூட்சுமம் அடியில இருக்கற கல்லுல இல்லீங்க, தண்ணி எங்கிருந்து வருதுங்கிறதுலதான். மழத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கறப்ப அங்க இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறிரும், அது பாறை இடுக்குல போயி கல்லக் கொஞ்சங்கொஞ்சமா கரைச்சு வழி பண்ணிக்கிட்டே எங்கியோ தூரத்துல ஊத்தா வெளிய வரும். மண்ணு மேல உருண்டு வராததால கலங்கல் இல்ல. நெலத்துக்குள்ள இருந்து வர்றதால சூடும் ஏறாது குளிரும் ஏறாது, இங்கிலாந்துல அந்த ஊத்துத் தண்ணி வருசம் பூரா 10, 11 டிகிரியிலயே நிக்குது. அதனாலதான் குளுந்த தண்ணியில வாழற டிரவுட் மீனுக்கு அது சொர்க்கம். நம்ம நீலகிரி அவலாஞ்சியிலயும் டிரவுட் பொரிப்பகம் இருக்கு, ஆனா அங்க தண்ணி குளிர்ந்திருக்கறது மலை ஒசரத்தால, சுண்ணாம்புக்கல்லால இல்ல. கரைஞ்ச கால்சியம் இருக்கறதால ஓடு கட்டற ஜீவனுக்கெல்லாம் கொண்டாட்டம், நத்தை, நன்னீர் இறால் வகையெல்லாம் பெருகும், அதத் தின்னு மீன் கொழுக்கும், வெளிச்சம் அடி வரைக்கும் போறதால தண்ணிச்செடியும் அடர்த்தியா வளரும். வெளிய வந்த தண்ணியில இருந்து அந்த கார்பன் டை ஆக்சைடு பறந்து போறப்ப கரைஞ்ச கல்லு மறுபடி பாசி மேல படியும். நம்ம வீட்டுல சப்பத்தண்ணிய, அதான் உப்புத்தண்ணிய, கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளையா புடிக்குதே, நடக்கறது கிட்டத்தட்ட அதேதான். சிறுவாணித் தண்ணியில அந்தத் தொந்தரவு இல்ல, அது வர்ற மலைப்பாறையில கரையற சுண்ணாம்பு கம்மி.

இப்ப ஓடை. ஓடறதால ஓடை, சரி. ஆனா கொங்குல நாம ஓடைய விட பள்ளம்னுதான் அதிகம் சொல்றோம், குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், ஈரோட்டுல பெரும்பள்ளம், கோயமுத்தூர்ல சங்கனூர்ப் பள்ளம். பெரும்பாலும் மழ பேஞ்சா ஓடும், இல்லாட்டி காஞ்சு கெடக்கும், வரட்டுப்பள்ளம்ங்கற பேருலயே விசயம் இருக்குதுங்களே. வெட்டுனது வாய்க்கால், அது தனிக் கணக்கு. அதனால "சுண்ணாம்புப் பள்ளம்"னு வெச்சாலும் சரிப்படாது. மதுக்கரையிலயும் சங்ககிரியிலயும் சுண்ணாம்புக்கல் இருக்குதான், சிமெண்டு ஆலைங்க அத நம்பித்தான் வந்துச்சு, ஆனா அது மத்த பாறைக்கு நடுவுல பட்டை பட்டையா ஓடற கெட்டிப்பட்ட கல்லு, மழ நெழல் பூமி வேற, அந்த மாதிரி வத்தாத ஊத்து ஓடைக்கு இங்க தோது இல்லீங்க.

வத்தாத ஓடைன்னா என்னன்னு நமக்குப் புரியணும்னா 200 கிலோமீட்டர் போற கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ இருக்கற பள்ளத்தப் பாருங்க, வாய்க்கால்ல வுட்ட தண்ணி மண்ணுல எறங்கி கசிவாவே அங்க ஓடிக்கிட்டு இருக்கும், அத நம்பி வெள்ளாமை பண்றவங்க எத்தனை பேரு. அங்க மண்ணு பண்ற வேலைய லைம்ஸ்டோன் ஸ்ட்ரீம்ல பாறை பண்ணுது.

அதனால என்னோட ஓட்டு "சுண்ணப்பாறை ஊற்றோடை"க்கு, பேச்சுல ஊத்தோடைன்னாலே போதும். ஊறு, ஊற்று, ஊத்து, எல்லாம் நம்ம வாயில பொழங்கற சொல்லுதான். கொஞ்சம் நீளம்னு சொல்வாங்க, சொல்லட்டும், தப்பான அர்த்தம் குடுக்கற குட்டிச் சொல்லுக்கு இது தேவலாம்.

சாக் ஸ்ட்ரீம்னு இன்னொன்னு வரும், சாக்ங்கிறது மெதுவான வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதனால அது இதுலயே ஒரு வகை, இங்கிலாந்துல டெஸ்ட், இட்சன் ஆறெல்லாம் அந்த ரகம். சாக்குக்கு நாம சீமைச்சுண்ணாம்புன்னு சொல்றோம், அந்த ஓடைங்கள்ல பெரும்பாலானது நெசமாவே சீமையிலதான் இருக்குங்கிறது தற்செயலா அமைஞ்ச பொருத்தம். இந்த மாதிரி கல்லு கரைஞ்சு குகையும் குழியுமா ஆன நெலத்துக்குச் சொல்ற கார்ஸ்ட்ங்கிற வார்த்தைய மட்டும் மாத்தாதீங்க, அது ஸ்லோவேனியா, இத்தாலி எல்லையில இருக்கற ஒரு மேட்டு நெலத்தோட ஊர்ப்பேரு.