மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்ததும் வடசென்னையில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். மாலை போட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். தானாக நடந்து வருபவர்கள் குறைவு. யாராவது கைத்தாங்கலாகக் கூட்டி வருவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்தவர் ஒரு லோடுமேன். ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூட வந்த மனைவி சொன்னார்: "சாமிக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல டாக்டர். வேட்டியில எறும்பு ஏறுதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. செவுத்தாண்ட யாரோ நிக்கிறாங்கன்றாரு." விரதத்தில் ஏதோ குறை நடந்துவிட்டது, அதான் ஐயப்பன் சோதிக்கிறான் என்றார் மாமியார். விடியற்காலையில் வலிப்பு வேறு வந்திருக்கிறது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது.

"எத்தனை வருஷமா குடிக்கிறாரு?"

"அதான் விட்டுட்டாரே டாக்டர்! மாலை போட்டதிலேருந்து ஒரு சொட்டு தொடல."

பெருமையாகத்தான் சொன்னார், பாவம். நோயே அதுதான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். தினமும் அது ஒரு பக்கம் இழுக்க, மூளை விழித்திருப்பதற்காக எதிர்ப்பக்கம் இழுக்கப் பழகிக்கொள்கிறது. காணும் பொங்கலன்று கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்து ஆட்கள் சட்டென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? வருஷக்கணக்காகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது மூளை அப்படித்தான் மல்லாக்க விழுகிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை உதறும், வியர்க்கும், படபடக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் பெரிய கண்டம்: இடம், நேரம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், எகிறும் ரத்த அழுத்தம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவார். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி கட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்ப்பதும் பல சமயம் இதனால்தான். குடிப்பழக்கத்தை அட்மிஷன் அன்றே யாராவது சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். வீட்டில் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகள் மூடியபோது முதல் வாரத்திலேயே இதைக் கண்கூடாகப் பார்த்தோம். சென்னையில் கடைகள் திரும்பத் திறந்தது ஆகஸ்ட் 18-ம் தேதிதான். அத்தனை மாத இடைவெளியில் நிரந்தரமாக விட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த முதல் வாரத்தைத் தாண்டுவதுதான் பாடு.

"தினம் ஒரு குவாட்டர்தான் சார், அளவோட" என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயச் சத்து. எடையில் சுமார் 60 கிராம். ஈரலால் ஒரு மணி நேரத்தில் எரிக்க முடிவது ஏழிலிருந்து பத்து கிராம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டதை ஈரல் விடியும்வரை எரித்துக்கொண்டிருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. முதலில் ஈரலில் கொழுப்பு படியும், அப்புறம் வீக்கம், அப்புறம் சுருக்கம். கொழுப்பு மட்டும் என்றால் சில வாரம் குடிக்காமல் இருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுருங்கிய பிறகு பழைய ஈரல் கிடைக்காது. ஆரம்பத்தில் ஈரல் வலிக்கவே வலிக்காது என்பதுதான் இதில் மோசம். வயிற்றில் நீர் கோத்துக் கால் வீங்கி வரும்போது நாங்கள் ரொம்பப் பின்தங்கியிருப்போம்.

லோடுமேன் கதைக்கு வருகிறேன். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெளிஞ்சிடுவாரு" என்றார் மைத்துனர். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடமாட்டார். சாப்பிட்டதிலும் தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் ஒட்டாது. அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை அடிவாங்கும். கண் ஒரு பக்கம் ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். போன ஞாபகம் சிலருக்குத் திரும்பி வருவதே இல்லை. அதனால் தயமின் ஊசி முதலில் போகவேண்டும். ஊசியைப் போட்டு, 108-ஐக் கூப்பிட்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, ஒரு வாரத்தில் தெளிந்து வீட்டுக்கு வந்தார். மாலை கழுத்திலேயே இருந்தது. மலைக்கும் போய்வந்தார்.

தை மாதம் மாலையைக் கழற்றினார். அன்று சாயங்காலமே கடை.

இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. இப்படிச் சட்டென்று விடுவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறை விடும்போதும் மூளை முன்னைவிட மோசமாகச் சீறும். போன கார்த்திகையில் கை உதறலோடு தப்பித்தவருக்கு இந்தக் கார்த்திகையில் வலிப்பு வரலாம். "போன வருஷம் ஒண்ணும் ஆகலியே" என்ற தைரியம் இங்கே செல்லாது.

அப்படியானால் குடித்துக்கொண்டே இருக்கலாமா என்று உடனே கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் நண்பர்! விடத்தான் வேண்டும், ஆனால் துணையோடு. காலையில் எழுந்ததும் கை உதறுகிறதா? ஒரு கட்டிங் போட்டால் அடங்குகிறதா? முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாள் குறிப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. ஒரு வாரம் பத்து நாள்தான். அவற்றை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் குடி மறுவாழ்வுச் சிகிச்சை உண்டு. நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. வலிப்பு வந்தால் சாவியெல்லாம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி கடைசி வாரத்தில் அதே அம்மா வந்தார். கூடவே அவரும். இன்னும் மாலை போடவில்லை, லுங்கிதான். "பத்து நாளுக்கு முன்னாடியே வரச் சொன்னீங்களே டாக்டர்" என்று அவரேதான் பேச்சை எடுத்தார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைச் சீட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன்.