பூச்சியமும் வெற்றுக்கட்டமும்: காட்டுப் பறவைக் கணக்கு கைமாறும்போது

வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து திருகோணமலைப் பற்றைகளுக்கு வந்து சேரும் ஆறுமணிக்குருவி, காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயரைப் பெற்றது. ஒரு கணக்கெடுப்பு அட்டவணையில் இப்பறவைக்கு நேரே கார்த்திகையில் 2 என்றும், மார்கழியில் 0 என்றும், தையில் எதுவும் எழுதாமலும் விடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பூச்சியம் என்றால் ஒருவர் அங்கே போய் நின்று, கேட்டு, பறவையைக் காணாமல் திரும்பியிருக்கிறார். வெற்றுக்கட்டம் என்றால் அம்மாதம் யாருமே போகவில்லை. பல்லாண்டுத் தரவு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது பெரும்பாலும் முதலில் தொலைவது இந்த வேறுபாடுதான்.

எண்ணும் முறையை அறிந்தால் இதன் பாரம் விளங்கும். பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்த உலர் வலயக் காட்டில், ஒன்றுக்கொன்று 250 மீட்டர் இடைவெளியில் சில புள்ளிகளைக் குறித்து வைத்து, விடியலில் ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டவற்றையும் காதில் விழுந்தவற்றையும் எழுதுவது பரவலான முறை. அடர்ந்த காட்டில் காதுதான் கூடுதலாக வேலை செய்கிறது. ஆகவே கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் எண்ணிக்கை குறைந்தால், பறவைகள் குறைந்துவிட்டன என்று முடிவு கட்ட முடியாது.

இருக்கும் பறவையும் ஒவ்வொரு முறையும் அகப்படுவதில்லை. ஒரு புள்ளியில் வாழும் காட்டுக்கோழியை ஒரு வருகையில் காண்பதற்கோ கேட்பதற்கோ உள்ள வாய்ப்பு 0.4 என்றால், மூன்று வருகைகளிலும் அதைத் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. காட்டுக்கோழி உண்மையில் இருக்கும் நூறு புள்ளிகளில் ஏறத்தாழ 22 புள்ளிகளில் அது இல்லையென்றே பதிவாகும். ஒவ்வொரு வருகையின் வரிசையும் தனித்தனியாக இருந்தால் இந்தத் தவறவிடலையே கணித்து, உண்மைப் பரவலை மதிப்பிடலாம். 2002இல் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணித மாதிரி இதற்குத்தான் பயன்படுகிறது. ஆனால் மூன்று வருகைகளையும் கூட்டி ஆண்டுக்கு ஓர் எண்ணாகத் தருபவர் அந்த வழியை அடைத்துவிடுகிறார். சுருக்கம் பார்க்க அழகாக இருக்கும் என்பது வேறு விடயம்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வெற்றுக்கட்டங்களுக்குத் தனிக் காரணமும் உண்டு. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் பல காடுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் கால் வைக்க முடியவில்லை. அந்த ஆண்டுகளை யாராவது பூச்சியங்களால் நிரப்பினால், பறவைகள் போரில் அழிந்து, அமைதி வந்ததும் உயிர்த்தெழுந்தன என்றொரு கதையைக் கணினி நம்பிக்கையோடு வரைந்து தரும்.

பெயரும் இடமும்கூட வழுக்கும். இலங்கையின் வடக்கில் பொன்முதுகும் தெற்கில் செம்முதுகும் கொண்ட மரங்கொத்திகள் முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்டன. இப்போது செம்முதுகு மரங்கொத்தி தனி இனமாக வைக்கப்படுகிறது, இடைப்பட்ட பகுதிகளில் இரண்டும் கலந்த நிறத்தவையும் உள்ளன. பழைய குறிப்பில் ‘மரங்கொத்தி 1’ என்று மட்டும் இருந்தால் அதை இன்று எந்த இனத்தில் சேர்ப்பது? முதுகின் நிறத்தையும் எழுதி வைத்தவரின் குறிப்பு மட்டுமே பெயர்மாற்றத்தைத் தாண்டி நிற்கும். அதுபோலவே, இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் இடங்களைக் குறிக்க அடிப்படையாகக் கொண்ட கண்டவல ஆதாரத்தில் எடுத்த ஆள்கூற்றை இன்றைய செய்மதி வழிகாட்டியின் ஆள்கூறென்று எண்ணினால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். 250 மீட்டர் இடைவெளிப் புள்ளிகளுக்கு அது சிறிய பிழையன்று.

இவற்றையெல்லாம் காத்துவைத்தால் கிடைப்பது என்ன என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஹப்பார்ட் புரூக் காடு சான்று. அங்கே 10 ஹெக்டேர் துண்டொன்றில் 1969 முதல் பறவைகள் எண்ணப்படுகின்றன. தரவும் பொதுவில் கிடைக்கிறது. தொடக்கத்தில் மிகுந்திருந்த ஒரு சிறு ஈப்பிடிப்பான் பின்னர் அத்துண்டிலிருந்து மறைந்தது. மரங்கள் முதிர்ந்து காட்டின் உள்ளமைப்பு மாறியதே அதற்குக் காரணம் என்று சொல்ல முடிந்தது, பறவைக் கணக்கோடு மரங்களின் கணக்கும் இருந்ததால்தான்.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிட வேண்டும் என்பதில்லை. வேட்டைக்கும் கூடு கலைப்புக்கும் இலக்காகும் இனங்களின் ஆள்கூறுகளை 0.1 பாகைக்கு, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு, மழுக்கி வெளியிடுவது வழக்கம். ஆனால் மழுக்கியதை எழுதிவிட வேண்டும், இல்லையேல் அதுவும் ஒரு பொய் இடமாகிவிடும். 2001இல் தொடங்கிய உலகப் பல்லுயிர்த் தகவல் வசதி போன்ற பொதுக் களஞ்சியங்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள், எந்த முறையில் எண்ணினார்கள், தரவைப் பயன்படுத்துவோர் யாருக்கு நன்றி கூற வேண்டும் என்பனவற்றுக்கும் தனி நிரல்கள் வைத்திருக்கின்றன.

ஆகவே பழைய குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றுபவர், ‘மழை, போகவில்லை’ என்று மட்டும் எழுதப்பட்ட பக்கத்தையும் தாண்டிவிடாமல், அந்த நாளுக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்துக் கட்டத்தில் மழை என்று எழுத வேண்டும்.