குக்கீயும் கொக்கிஸும்

ஆம்ஸ்டர்டாமில் காபி சொன்னால் பெரும்பாலும் சாஸர் ஓரத்தில் ஒரு பிஸ்கட்டும் சேர்ந்து வரும். ஒன்றுதான், இரண்டாவது வராது. லைட்ஸெப்லைன் சதுக்கத்தில் 1902-இல் கட்டி முடித்த பழைய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில்தான் கஃபே அமெரிக்கேன். வண்ணக் கண்ணாடிச் சன்னலும் உயர்ந்த வளைவுகளுமாக, உள்ளே நுழைந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளத் தோன்றுகிற இடம். அங்கே உட்கார்ந்து 'கோஃபி ஃபர்கேர்ட்' கேட்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தப்பான காபி' என்று பொருள். காபியில் கொஞ்சம் பால் விட்டால் சரி, பாலில் காபியை விட்டால் தப்பு என்பது அவர்கள் கணக்கு. நம்ம ஊரில் அந்தத் தப்பான காபிதான் காபி.

சாஸரில் இருந்தது காற்றாலை வடிவத்தில் மெல்லிய பழுப்பு பிஸ்கட். கடித்ததும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறின. கிட்டத்தட்ட பிரியாணி வாசனையில் ஓர் இனிப்பு. அதற்கு 'ஸ்பெகுலாஸ்' என்று பேர். ஆனால் கொண்டுவந்து வைத்தவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. "கூக்யே" என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

நாம் குக்கீ என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

'கூக்' என்றால் டச்சு மொழியில் மாவைப் பிசைந்து சுட்ட இனிப்புப் பண்டம். 'யே' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. இரண்டும் சேர்ந்து 'கூக்யே', சின்ன கூக். ஆங்கிலத்தில் சமைப்பதற்கு இருக்கும் 'குக்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அந்தக் 'குக்' லத்தீன் வழி வந்த சொல். கேக் வேண்டுமானால் கூக்குக்குத் தூரத்துச் சொந்தம். சங்கப் பாடல்களில் அப்பம் விற்பவர்களைக் கூவியர் என்கிறார்கள். ஒலி ஒத்துப்போகிறதே என்று அதை இங்கே இழுத்துவராமல் இருப்பது நல்லது.

அந்த 'யே' மேல் டச்சுக்காரர்களுக்குத் தனிப் பிரியம். கோப்பை 'கொப்யே' ஆகும், பீர் 'பீர்ட்யே' ஆகும், ரொட்டி 'ப்ரோட்யே' ஆனால் நடுவில் சீஸ் வைத்த பன் ஆகிவிடும். அளவு சின்னது என்பதற்காக மட்டும் சொல்வதில்லை. கொஞ்சம் என்பதைக் 'கொஞ்சூண்டு' என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு குழைவு வருகிறதே, அதுதான் இது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பீர்கூட அவர்களுக்கு பீர்ட்யேதான்.

எல்லாத் தீனியும் கூக்யே ஆகிவிடாது. சாயங்காலம் பீரோடு வரும் 'பிட்டர்பாலன்' உருண்டைக்கு அந்தப் பேர் கிடையாது. மேலே ரொட்டித்தூள் மொறுமொறுப்பு, உள்ளே குழம்பாக வெந்த மாட்டிறைச்சி, தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. அவசரப்பட்டுக் கடித்தால் நாக்கு வெந்துவிடும், எனக்கு வெந்தது. ஹௌடா ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று சொல்லும் 'ஸ்ட்ரோப்வாஃபல்' கூக் குடும்பம். இரண்டு மெல்லிய வாஃபல் தகடுகளுக்கு நடுவே பாகு. சூடான கோப்பையின் வாய் மேல் மூடிபோல வைத்து, ஆவியில் பாகு இளகியதும் எடுத்துக் கடிக்க வேண்டும்.

அப்புறம் 'தன் மாவிலேயே சுட்ட கூக்யே' என்று ஒரு சொலவடை. நீ செய்ததை உனக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று அர்த்தம்.

இந்தச் சின்னச் சொல் கப்பலேறி இரண்டு திசைக்குப் போனது. மேற்கே, மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் டச்சுக்காரர்கள் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற ஊரை வைத்திருந்தார்கள். 1664-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து நியூயார்க் என்று பேர் மாற்றினார்கள். ஊர்ப்பேர் போனாலும் அடுப்படிச் சொற்கள் போகவில்லை. முட்டைக்கோஸ் சாலடுக்கு 'கோல்ஸ்லா', தின்பண்டத்துக்கு 'குக்கீ' என்று அமெரிக்க ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் பிஸ்கட் என்றே சொல்ல, அமெரிக்கர்கள் குக்கீ என்பது இதனால்தான்.

கிழக்கே இலங்கை. டச்சுக் கம்பெனி 1640-இல் காலியையும் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து, 1796 வரை வைத்திருந்தது. வந்த முக்கிய நோக்கம் பட்டை. ஆக, ஸ்பெகுலாஸில் மணக்கும் சரக்கைக் கப்பலேற்றியவர்கள் பதிலுக்குச் சில சொற்களை இறக்கிவிட்டுப் போனார்கள். அலுவலகத்துக்குக் கந்தோர், பீன்ஸுக்குப் போஞ்சி. தமிழ்நாட்டிலும் புழங்கும் டச்சுச் சொல் ஒன்று இருக்கிறது, சாப்பாட்டுப் பேச்சின் நடுவே சொல்லக் கூடாது. சரி, சொல்லிவிடுகிறேன்: கக்கூஸ்.

கூக்யேயின் பன்மை 'கூக்யெஸ்'. இலங்கையில் அது 'கொக்கிஸ்' ஆனது. அமெரிக்கா ஒருமையை எடுத்துக்கொண்டது, இலங்கை பன்மையை வால் ஒட்டியபடியே வைத்துக்கொண்டது. ஆனால் பண்டம் முழுக்க வேறு. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, பிடி வைத்த இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் அளவு தோய்த்து மறுபடி எண்ணெயில் இறக்குவார்கள். அச்சின் மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் கழன்று வராது. நம் அச்சு முறுக்குக்கு அக்கா தங்கை என்றே சொல்லலாம். சித்திரைப் புத்தாண்டில் சிங்களவர் வீட்டு மேசையில் பாற்சோற்றுக்குப் பக்கத்தில் இது கட்டாயம் இருக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து இப்போது உத்ரெக்ட்டில் இருக்கும் ஓர் அக்கா வீட்டில்தான் இரண்டாம் நாள் எனக்குச் சாப்பாடு. ஒரு சித்திரையில் கொக்கிஸ் சுட்டுப் பக்கத்து வீட்டு டச்சு அம்மாவுக்குக் கொடுத்தாராம். இது என்ன என்று கேட்டவரிடம் பேரைச் சொன்னால், அழகான பேர், எந்த மொழி என்று கேட்டாராம். "உங்கட மொழிதான் எண்டு சொன்னன், மனிசி நம்பேல்லை" என்று சிரித்தார்.

தமிழில் குக்கீக்கு என்ன சொல்வது? பிஸ்கட் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல், 'இரண்டு தரம் சுட்டது' என்று பொருள். போர்த்துக்கீசியர் வழியாக வந்த அதன் வடிவம்தான் நம் தாத்தாக்கள் சொன்ன பிஸ்கோத்து, ஈழத்தில் விசுக்கோத்து. தனித்தமிழ் ஆர்வலர்கள் அதே பொருளில் 'ஈரட்டி' என்றார்கள். அடுதல் என்றால் சமைத்தல், இருமுறை அட்டது ஈரட்டி. நல்ல கட்டுமானம்தான். ஆனால் இன்றைய வழக்கில் அட்டி என்றால் தடங்கல், கடையில் கேட்டால் முழிப்பார்கள். தவிர, குக்கீ ஒரே தரம் சுடுவது. ஈரட்டி என்ற பேர் உண்மையில் ரஸ்குக்குத்தான் பொருந்தும். டச்சுக்காரர்களிடமும் ரஸ்க் மாதிரி வட்டமான 'பெஸ்ஹௌட்' உண்டு. வீட்டில் குழந்தை பிறந்தால் அதன்மேல் சர்க்கரை பூசிய சோம்பைத் தூவி வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

இணையத்தளம் நம் கணினியில் விட்டுவைக்கும் குக்கீக்கு 'நினைவி' என்று எழுதுகிறார்கள். 1994-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக வந்தது அது. வேலைக்கேற்ற பேர், அப்படியே வைத்துக்கொள்ளலாம். தின்கிற குக்கீக்கு அது ஆகாது. கொக்கிஸ் என்ற சொல்லும் ஏற்கெனவே வேறு பண்டத்துக்குப் போய்விட்டது. கூக்யேயின் அமைப்பிலேயே ஒன்று வேண்டுமென்றால் 'சிற்றப்பம்' என்பேன். சிறு முன்னால், பண்டம் பின்னால். உணவுப் பட்டியலில் அச்சடித்தால் யாருக்கும் புரியும். பேச்சில் நான் பிஸ்கட் என்றுதான் சொல்லப்போகிறேன்.